முகூர்த்தப் புடவை அரக்கு. மேடைக்கு என்ன நிறம்?

கே: மகளுக்கு வைகாசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. மண்டபத்தில் விரிப்பும் நாற்காலி உறையும் சிவப்பு. மேடைக்கு மகள் பிஸ்தாவும் ரோஸும் கேட்கிறாள்; அப்பத்தா மஞ்சள்தான் வேண்டும் என்கிறார். எதை வைப்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

புடவையும் விரிப்பும் மாறப்போவதில்லை. இனி முடிவு செய்ய வேண்டியது மேடையின் பின்திரை. அது மெரூனாகவோ சிவப்பாகவோ வேண்டவே வேண்டாம். அரக்குப் புடவை அதில் அமுங்கிப்போய், போட்டோவில் முகமும் நகையும் மட்டும்தான் மிஞ்சும். சந்தன நிறத் துணி கட்டி, அதன்மேல் தென்னங்கீற்றுப் பின்னல் போடச் சொல்லுங்கள். கண்ணில் படும் பரப்பில் பத்தில் ஆறு பங்கு சந்தனம், மூன்று பங்கு இலைப்பச்சை, ஒரு பங்கு மஞ்சள். அப்பத்தா கேட்ட மஞ்சள் செண்டுமல்லியில் வந்துவிடும். ஆனால் மார்க்கெட்டில் ஆரஞ்சும் கலந்து வரும். சிவப்பு விரிப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு கண்ணைக் குத்தும். ‘மஞ்சள் செண்டு மட்டும்’ என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். வைகாசியில் மல்லிகை தாராளமாகக் கிடைக்கும் என்றாலும் மேடைச் சரத்துக்கு வேண்டாம், விளக்குச் சூட்டில் பழுப்பேறிவிடும். சம்பங்கி தாங்கும்.

மகளின் பிஸ்தாவையும் ரோஸையும் முந்தின நாள் வரவேற்புக்கு வையுங்கள். ஒரே சட்டத்தில் இரவோடு இரவாகத் துணியும் பூவும் மாற்றித் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே டெக்கரேஷன்காரரிடம் பேசுங்கள். பிறகு சொன்னால் இரண்டு மேடைக்குக் காசு கேட்பார்கள்.

நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் விளக்குதான். மேடை ஓரத்தில் நிற்கும் எல்.இ.டி. பார் லைட்டை ரோஸிலோ ஊதாவிலோ விட்டால், அந்த ஒளியில் பச்சை மிகக் குறைவு என்பதால் கீற்றும் புடவையின் பச்சைக் கரையும் கறுத்துத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் கலர் விளக்கை அணைத்து, மஞ்சள் சாய்ந்த வெள்ளை மட்டும் எரியட்டும். பக்கத்தில் நீல வெள்ளை டியூப் எரிந்தால் அதையும் நிறுத்துங்கள். இரண்டு வெள்ளையும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும். முன்கூட்டியே ஒரு நாள் மாலை, புடவையையும் திரைத் துணியின் துண்டையும் மண்டபத்துக்குக் கொண்டுபோய், விளக்கைப் போட்டு, போனில் படம் எடுத்துப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் பொருந்திய இரண்டு துணி அங்கே பொருந்தாமல் போகலாம்.

கே: எங்கள் வீட்டுப் பெண்கள் 14 பேருக்கும் ஒரே நிறத்தில் பட்டு எடுக்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

எடுக்கலாம், ஆனால் கஷ்டம். கைத்தறிப் பட்டில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஒரு தடவை ஏற்றும் நூலுக்கு, மூன்று, நான்கு புடவைதான் வரும். அடுத்த பாவுக்கு நூல் வேறு நாளில் சாயம் ஏறினால் ஒரு சாயல் தள்ளிவிடும். 14 பேர் வரிசையாக நிற்கும்போது அந்தச் சின்ன வித்தியாசம்தான் முதலில் தெரியும். மொத்த நூலையும் ஒரே தடவையில் சாயம் போடச் சொல்லி, ஒரு புடவை கூடுதலாகவே வாங்குங்கள். இதைவிட மாம்பழ மஞ்சள், வெந்தயம், தேன் நிறம் என்று ஒரே குடும்பத்து நிறங்களை எடுத்து, கரையை மட்டும் ஒன்றாக வைப்பது நல்லது. கால் சாயல் மாறினால் தவறாகத் தெரியும். நன்றாகவே மாறினால் வேண்டுமென்று செய்ததாகத் தெரியும்.

இணைச்சீர் என்ற கொங்குக் கல்யாணச் சடங்குக்கு மாப்பிள்ளையோடு உட்காரும் அவருடைய சகோதரியின் புடவை, பெண்ணின் முகூர்த்த நிறத்தில் வேண்டாம். சம்பந்தி வீட்டில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கே: மாப்பிள்ளை சட்டையும் அரக்கு நிறத்தில் இருக்கலாமா?
– வாசகர், தாராபுரம்

வேண்டாம். பட்டு மினுங்கும், காட்டன் மினுங்காது. ஒரே சாயமானாலும் இரண்டு நிறமாகவே தெரியும். பட்டு வேட்டியோடு செட்டாக வரும் சட்டையே போதும், அங்கவஸ்திரக் கரையில் அரக்கு வரட்டும். சட்டையைத் தனியாக வாங்கினால் பளீர் வெள்ளையைத் தவிருங்கள். அதன் பக்கத்தில் பட்டு வேட்டி அழுக்கேறியதுபோல் தெரியும். நெருக்கமான பொடிக்கோடு போட்ட சட்டையும் கூடாது, வீடியோவில் கோடுகள் நெளியும்.