காது பாதி போனபிறகு நல்ல ஹெட்போன் வாங்குவது வீண்செலவா?

கேள்வி இதுதான்: ஒரு காது அநேகமாகக் கேளாது, மற்றது அரைகுறை, அப்படிப்பட்ட ஒருவருக்கு விலைகூடிய ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் பாட்டை ரசிப்பாரா, காசு வீணா?

ரசிப்பார். நான் ரசிக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ஊர் சொல்லவில்லை, யாருக்கு என்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு என்று எண்ணிக்கொள்கிறேன். நான் காது டொக்டர் இல்லை, வன்னியில் விசுவமடுவில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறவன். மருத்துவம் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும், கோபமில்லை. ஆனால் இந்தக் காதுகளோடு வாழ்கிறவன் நான்.

2009 தொடக்கத்தில், போர் நடந்தபோது, புதுக்குடியிருப்புப் பக்கம் நாங்கள் இருந்த பங்கருக்குக் கிட்ட செல் (எறிகணை) விழுந்தது. இடது காதின் சவ்வு கிழிந்தது. மாரி வந்தால் அதில் இன்றும் சீழ் வடியும். வலது காதில் சவ்வு தப்பிவிட்டது. ஆனால் உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட பகுதியில், சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் இருக்கும். அவற்றில் ஒரு பகுதி செத்துப்போனது. அவை திரும்ப முளைக்காது.

இவை இரண்டும் வேறு வேறு கேடு. இது விளங்காமல் எந்த ஹெட்போனையும் வாங்காதீர்கள். சவ்வு கிழிந்த காதில் சத்தம் உள்ளே போய்ச் சேர்வதுதான் பிரச்சினை. கன்னத்து எலும்பில் வைத்து அதிரவிடும் ஹெட்போன் இருக்கிறது. அந்த அதிர்வு சவ்வைச் சுற்றிக்கொண்டு நேரே உள்காதுக்குப் போகும். துவாரத்தை அடைக்காததால் சீழ் வரும் காதுக்கும் தொந்தரவில்லை. என் இடது காதில் பாட்டு விழுவது அதனால்தான். (எங்கள் ஊர்வழி போகும் ஏ-35 வீதியில் டிப்பர் ஓடும் ஓட்டத்துக்கு, காது திறந்துதானே இருக்கிறது என்று சைக்கிளில் போகும்போது இதையும் மாட்ட வேண்டாம்.)

உள்காது கெட்டால் கதை வேறு. காது சோதித்தால் ஒடியோகிராம் என்று ஒரு தாள் தருவார்கள். 250 ஹேர்ட்ஸிலிருந்து 8000 வரை (எண் கூடக் கூட ஒலி கீச்சென்று மெல்லிதாகும்), எந்தச் சத்தம் எத்தனை டெசிபெலில் கேட்கிறது என்று கோடு போட்டிருக்கும். என் வலது காதின் கோடு 1000 வரை நல்லபடி போகும், 2000க்குப் பிறகு சரியும், 4000இல் 70 டெசிபெலுக்கு இறங்கிவிடும். கோயில் மேளத்தில் தவிலின் தொப்பி, அதாவது தடியால் அடிக்கும் கனத்த ஒலிப் பக்கம், எனக்கு நெஞ்சு வரை கேட்கும். மற்றப் பக்கமான வலந்தலையில், விரலில் மாட்டும் கூடு விழும் கணீர் கேட்காது. கையில் தட்டும் வெண்கலத் தாளம் ஒலிப்பதே தெரியாது. பாட்டில் ச, ஸ எல்லாம் கரைந்து, பாடகர் வாயில் துணி வைத்துக்கொண்டு பாடுவதுபோல இருக்கும்.

இதற்குச் சத்தத்தைக் கூட்டுவது மருந்தல்ல. கெட்ட உள்காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று குத்தும். கேட்பதற்கும் குத்துவதற்கும் இடையில் இருக்கும் இடம் ஒடுங்கிப்போகிறது. அதோடு மிச்சமிருக்கும் மயிர்க்கலங்களையும் கொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்.

நான் பாவிப்பது ஈக்குவலைசர், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் போன் வசதி. 2000க்கும் 4000க்கும் இடைப்பட்டதை விட்டுவிட்டு மற்றதைக் கீழே இறக்குகிறேன், பிறகு மொத்த ஒலியை அளவாகக் கூட்டுகிறேன். மேலே தூக்கினால் ஒலி உடைந்து கரகரக்கும், இறக்கினால் உடையாது. 8000 பக்கத்தை ஏற்றிப் பார்ப்பதில்லை. அங்கே எனக்குக் கேட்கும் கலமே இல்லை, ஏற்றினால் வெறும் இரைச்சல்தான் வரும். அடுத்து, போன் செற்றிங்ஸில் அணுகல்தன்மைக்குள் ‘மோனோ ஒடியோ’ என்று ஒன்று இருக்கும், இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் தரும், அதைப் போட்டுவிடுங்கள். பழைய பாட்டுகளில் வயலின் ஒரு பக்கம், கிற்றார் மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள். ஒரு காதை நம்பியிருப்பவருக்குப் பாதிப் பாட்டே போய்விடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, காதை முழுக்க மூடும் ஒரு நல்ல ஹெட்போனை மாட்டியபோது வலந்தலை கேட்டது. முன்புபோல இல்லை, மெலிவாகத்தான். ஆனால் அது வலந்தலை. என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னப்பா என்று கேட்கும் அளவுக்கு அழுதேன்.

“உயிர் தப்பினதே பெரிசு, உனக்கு ஹெட்போன் கேட்குதோ” என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. இங்கேயும் யாராவது எழுதக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன்: தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத நாளிலும் பாட்டை விடவில்லை. இப்போது என் உழைப்பில் வாங்கியதற்கு யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அந்த ஹெட்போனைக் கொண்டுவர வேண்டிய கூரியர்காரருக்கு, ‘எனக்குக் காது கேட்காது, எஸ்எம்எஸ் அனுப்புங்கள்’ என்று விலாசத்தோடு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்கள் கோல் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை என்று பொதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் அவர்களோடு சண்டை பிடித்துத்தான் அது வீடு வந்தது. ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடுவதும் அப்படித்தான், வாயால் மட்டும். கை கால் போனவரைப் பார்த்தால் எழும்பி இடம் விடுகிறார்கள், விட வேண்டியதுதான். காது போனவனைப் பார்த்தால் மட்டும் “கூப்பிடக் கூப்பிடத் திமிரிலே இருக்கிறான்” என்கிறார்கள். செல்லடியில் காது போனவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். வெளியில் தெரியாத காயம் என்பதால் அது காயமில்லை என்று ஆகிவிடுமா?

சரி, உங்கள் விஷயம். அப்பா காதுக்கு மெஷின் போடுகிறவரா? அது பேச்சுக்கென்று அமைத்தது. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையைத் தன்னுடைய விசில் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அறுத்துவிடும். மெஷின் பொருத்துகிறவரிடம் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள். விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் அதில் நிறுத்தவோ குறைக்கவோ முடியும். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் என்றால் அதையும் சேர்த்து மூடும் பெரிய கிண்ணமுள்ள ஹெட்போன் வேண்டும், சின்னதை அழுத்தி வைத்தால் கீச்சிடும்.

முதலில் காது சோதியுங்கள், ஹெட்போன் பிறகு. ஒடியோகிராமில் பெயரை மறைத்துவிட்டு இங்கே படம் போட்டால், என்னுடையதோடு ஒப்பிட்டு எந்த இடத்தை இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன். அவர் இளமையில் எந்தப் பாட்டைக் கூடுதலாகக் கேட்டார் என்றும் கேட்டு எழுதுங்கள், அதில்தான் தொடங்க வேண்டும்.