வாசகர் கேள்வி – பதில்: கூடைக்குள் ஒரு கைக்குட்டை

கேள்வி: லோயிஸ் லோரியின் ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ நாவலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாசித்து முடித்தோம். மோப்ப நாய்களை ஏமாற்றும் அந்தக் கைக்குட்டை நிஜமா என்று விடாமல் கேட்கிறார்கள்.

பதில்: நிஜம்தான். 1943 அக்டோபரில், நாஜிகள் பிடியிலிருந்த டென்மார்க்கிலிருந்து சுமார் 7,200 யூதர்கள் படகேறி ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். பலர் மீன்பிடிப் படகுகளில் ஒளிந்து போனார்கள். படகுகளைச் சோதிக்க நாய்கள் வந்ததும், உலர்ந்த முயல் ரத்தத்தையும் கோகெய்னையும் சேர்த்துக் கைக்குட்டையில் தடவி வைத்தார்கள். ரத்த வாடைக்கு நாய் தானே வந்து முகரும். முகர்ந்ததும் கோகெய்ன் மூக்கை மரத்துப்போக வைக்கும். பிறகு பலகைக்கு அடியில் ஆள் படுத்திருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அதற்குத் தெரியாது. வெறும் கோகெய்ன் என்றால் நாய் கிட்டவே வராது. வெறும் ரத்தம் என்றால் மூக்கு மரக்காது. லோரி பின்னுரையில் இதைச் சொல்கிறார். கதை முடிந்ததும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பக்கங்களையும் அவசியம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உள்ளே அந்தக் கைக்குட்டை இருக்கிறது என்றே சொல்லாமல், கதாநாயகியான பத்து வயது ஆன்மேரியிடம் பொட்டலத்தைக் கொடுத்து மாமாவின் படகுக்கு அனுப்பியது நியாயமா?

பதில்: நாவலின் உயிர்நாடியே அந்த இடம்தான். எல்லாம் தெரியாமல் இருந்தால் துணிவது சுலபம் என்று மாமா ஹென்ரிக் முன்பே அவளிடம் சொல்லிவிடுகிறார். காட்டுப் பாதையில் ஜெர்மன் சிப்பாய்கள் மறிக்கும்போது, ஒன்றும் புரியாத தன் குட்டித் தங்கை கிர்ஸ்டியைப்போல அவள் வளவளவென்று பேசுகிறாள். ரகசியம் தெரிந்திருந்தால் அந்த நடிப்பு நின்றிருக்காது, முகமே காட்டிக்கொடுத்திருக்கும். நாம் அவளை நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரவில் சிப்பாய்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, யூதத் தோழி எலனின் கழுத்துச் சங்கிலிக் கொக்கி கழலவில்லை. ஆன்மேரி அதை வெடுக்கென்று அறுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போனபின் விரித்தால், சங்கிலியில் இருந்த யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம் அச்சாகக் கையில் பதிந்திருக்கிறது. தோழிமேல் அவளுக்குள்ள பாசத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

கேள்வி: இளையோருக்கு ஒரு நாவல் எழுதுகிறேன். தோழனைக் காப்பாற்றும் கட்டம் செயற்கையாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் கோளாறு அந்தக் கட்டத்தில் இருக்காது, அதற்கு முந்தைய அத்தியாயங்களில் இருக்கும். ஆபத்தில் கைகொடுக்கப்போகும் திறமையை முன்னாலேயே விளையாட்டாகக் காட்டிவிடுங்கள். லோரி முதல் அத்தியாயத்திலேயே ஆன்மேரியை ஓட்டப் பந்தயத்துக்குப் பழகவிட்டு, தெருமுனையில் சிப்பாய்களிடம் மாட்டவும் வைக்கிறார். கடைசியில் காட்டுக்குள் அவள் ஓடுவது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. அடுத்து, காப்பாற்றும் செயல் ஒன்றே ஒன்றாக, கையால் செய்வதாக இருக்கட்டும்: அறுப்பது, மறைப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது. ‘உனக்காக உயிரையும் தருவேன்’ என்ற வசனத்தை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கட்டம் படுத்துவிட்டால் வசனத்தைத் திரும்பச் சேர்க்காதீர்கள், செயலை மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: டென்மார்க் அரசர் யூதர்களுக்காக மஞ்சள் நட்சத்திரம் அணிந்தாராமே?

பதில்: கட்டுக்கதை. யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் பல நாடுகளில் அணியவைத்த அந்த நட்சத்திரம், டென்மார்க்கில் யூதர்கள்மேலேயே திணிக்கப்படவில்லை. அரசர் பத்தாம் கிறிஸ்டியன் காவலர் இல்லாமல் கோபன்ஹேகன் தெருக்களில் தினமும் குதிரையில் போனது மட்டும் உண்மை. 1942 அக்டோபரில் குதிரையிலிருந்து விழுந்து அடிபடும்வரை போனார்.