சிங்கப்பூரில் குடியை விட உதவும் குழுக்கள்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்து நான்கு மாதம், தினமும் வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டருக்குக் குறையாமல் குடி, காலையில் கை நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழு எங்கே இருக்கிறது, கம்பெனிக்குத் தெரிந்து பாஸ் போய்விடுமா என்பவை உங்கள் கேள்விகள். நடுக்கம் இருப்பதால் முதலில் டாக்டர், பிறகுதான் குழு.

நாள்தோறும் குடித்த உடம்பில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். அது உயிரையே எடுக்கக்கூடியது. ஆகவே ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வைராக்கியத்தில் விட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்து கிளினிக்கிலோ பாலிகிளினிக் என்ற அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துபோகும். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

இதற்கென்றே மனநலக் கழகத்தில், அதாவது புவாங்கோக்கில் உள்ள ஐஎம்எச்சில், நேம்ஸ் என்ற தேசிய அடிமைப்பழக்க சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உதவி எண் 6732 6837. வெளிநாட்டவருக்குக் கட்டணச் சலுகை கிடையாது. நேரம் வாங்கும்போதே செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ் பற்றிய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. போதைப்பொருள் அடிமைகளை டாக்டர்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மதுவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குழுவிலும் யாரும் பாஸ்போர்ட்டோ கம்பெனி பெயரோ கேட்க மாட்டார்கள். வேலைக்கு உலை வைப்பது போதையில் சைட்டுக்குப் போவதும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும்தான்.

இனி குழு. ஏஏ என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இணையத்தில் 'ஏஏ சிங்கப்பூர்' என்று தேடினால் வாராந்தர அட்டவணை கிடைக்கும். 'ஓப்பன்' என்றால் யாரும் வரலாம், 'குளோஸ்ட்' என்றால் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். உங்களுக்கு இரண்டுமே பொருந்தும். கட்டணம் இல்லை. கடைசியில் சுற்றி வரும் பையில் விருப்பம் இருந்தால் ஒன்றிரண்டு வெள்ளி (டாலர்) போடலாம்.

கூட்டத்தை வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் குடிக்கும் நேரத்தில் நடப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைகளில் பார்சலாக மது விற்பது இரவு 10.30-க்கு நின்றுவிடும், மறுபடி காலை 7 மணிக்குத்தான். மாலை 7.30-க்குக் கூட்டம், 9 மணிக்குச் சாப்பாடு, பிறகு எம்ஆர்டி ரயில் என்றால் நீங்கள் ரூமுக்கு வரும்போது கடையில் வாங்க வழியிருக்காது. வயிறும் நிறைந்திருக்கும். பசி, கோபம், தனிமை, அசதி நான்கும்தான் பெரும்பாலும் கையைப் பாட்டிலுக்கு இழுப்பவை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) நண்பர்கள் கூடும் நேரத்துக்கும் ஒரு கூட்டம் பார்த்து வையுங்கள். இந்த ஊரில் அதுதான் மிகக் கடினமான நேரம்.

பத்து நிமிஷம் முன்னால் போங்கள். பிந்திப் போனால் வாசலில் நின்று, வெட்கப்பட்டு, திரும்பிவிடத் தோன்றும். பெயர் மட்டும் சொன்னால் போதும். பேச விருப்பம் இல்லையென்றால் 'பாஸ்', அதாவது அடுத்தவர் பேசட்டும், என்று சொல்லலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. பெரும்பாலும் ஆங்கிலம்தான், பல நாட்டு உச்சரிப்பில். மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சில கூட்டங்கள் தேவாலயக் கட்டடத்தில் நடக்கும், இறுதியில் சிறு பிரார்த்தனையும் இருக்கும். மதம் மாற்றும் வேலை அல்ல, அங்கே சொல்லும் 'மேலான சக்தி' என்பதை நீங்கள் உங்கள் விதத்தில் எடுத்துக்கொள்ளலாம். அது ஒத்துவரவில்லையென்றால் ஸ்மார்ட் ரிகவரி என்ற முறை உண்டு, கடவுள் பேச்சே இல்லாமல் பயிற்சிகளாக நடத்துவார்கள்; வீ கேர் கம்யூனிட்டி சர்வீசஸ் என்ற தொண்டு அமைப்பில் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக் குழுக்களின் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே 7.30 என்றால் நமக்கு 10 மணி. ஆனால் முகம் பார்த்துப் பேசும் கூட்டம் வாரத்துக்குக் குறைந்தது மூன்று இருக்கட்டும். முதல் நாளே இரண்டு பேரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்க ஆசை வரும்போது அவர்களை அழைப்பதற்கு. கடன் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் அல்ல. பணம் நுழைந்தால் அந்த உறவும் கூட்டமும் சேர்ந்தே விட்டுப்போகும்.

ஊரிலிருந்து 'தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து' என்று வீட்டில் அனுப்பினால் தொடாதீர்கள். அதில் குடியை வெறுக்க வைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மருந்து இருந்தால், அதற்கு மேல் மது குடித்ததும் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் சரியும். டாக்டரே அதைக் கொடுத்தாலும் சீனச் சாப்பாட்டில் ஊற்றும் அரிசி ஒயின், சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் விசாரித்தே வாங்குங்கள்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அப்படியே போய்ச் சொல்லுங்கள், யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டால் மட்டும் மறுபடி டாக்டரிடமிருந்து ஆரம்பியுங்கள்.