தடுப்பூசி போடுவதும் போடாததும் என் சொந்த விருப்பம்தானே? ஜனநாயக நாட்டில் அரசு இதில் தலையிடலாமா?

விருப்பம் உங்களுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்தச் "சொந்த" என்ற வார்த்தையில்தான் நான் ஒருமுறை இடறினேன். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை, ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் எல்லோருக்கும் இன்னொன்று. பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். என் மகன் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளியிலிருந்து பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது. அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவும் வந்தது: இந்த ஊசியைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதாம். பேசுவது யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் நான் இருந்த மூன்று குழுக்களிலும் வந்தது. கையெழுத்துப் போடாமல் தாளை அலமாரியில் வைத்தேன். ஊசி போடும் நாளில் மகனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அன்று அவன் வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலி என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து எங்கள் பகுதி நர்சம்மா வீட்டுக்கு வந்தார். கையில் விடுபட்ட பிள்ளைகளின் பட்டியல். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "என்ன பயம் தம்பி, சொல்லுங்க" என்றார்.

மலட்டுத்தன்மை பற்றிக் கேட்டேன். அப்படி எதுவும் வராது என்று பொறுமையாக விளக்கினார். ஏற்கெனவே போட்டதற்கு மேல் இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "ஒன்பது மாசத்துல போடற முதல் ஊசி நூத்துல எண்பத்தஞ்சு பிள்ளைக்குத்தான் பிடிக்கும் தம்பி. மீதி பதினஞ்சு யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதோட ரூபெல்லா இதுவரைக்கும் நம்ம அரசு ஊசியில கிடையாது" என்றார். சரி, ரூபெல்லா வந்தால் மூன்று நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, தானாகப் போய்விடுமாமே, பையனுக்கு எதற்கு என்று கேட்டேன்.

அவர் மாடியைக் கையால் காட்டினார். "மேல குடியிருக்கிற பொண்ணுக்கு எத்தனாவது மாசம்?"

"மூணு."

"உங்க பையன் மேல போவானா?"

தினமும் போவான். பள்ளி விட்டு வந்ததும் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவது அங்கேதான்.

இந்த ஊசி அந்தப் பெண்ணுக்கும் போடலாமே என்றால், முடியாது. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்தது என்பதால் கர்ப்பிணிகளுக்குப் போட மாட்டார்கள். கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் ரூபெல்லா தொற்றினால் சிசு பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. பிறவியிலேயே கண்புரை, செவித்திறன் இழப்பு, இதயக் கோளாறு. 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், அடுத்தடுத்து கண்புரையோடு வந்த கைக்குழந்தைகளைப் பார்த்துத்தான், அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த "லேசான" நோய் வந்திருந்ததைக் கண்டுபிடித்தார். என் மகனுக்கு மூன்று நாள் காய்ச்சலாக வந்து போவது, இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுவதற்குமான பார்வை இழப்பாக இருக்கலாம். நான் தாளை அலமாரியில் வைத்தபோது அந்தக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறேன். அதனிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

தட்டம்மையும் இப்படித்தான். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். அதைத் தடுத்து நிறுத்த ஊரில் 95 சதவீதம் பேருக்காவது எதிர்ப்புசக்தி வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கும் இந்த ஊசி போட முடியாது. அந்தக் குழந்தை நம்பியிருப்பது நம் பிள்ளைகளை மட்டும்தான்.

அப்படியென்றால் அரசு பிடித்து வைத்துப் போடலாமா? கூடாது. இதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியம்மை ஊசி போட மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றது. அபராதம் மட்டும்தான். ஆனால் 1927இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே காட்டி, கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அனுமதித்தது. "பொது நலன்" என்ற சொல்லை எல்லை போடாமல் அரசிடம் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நம் நாட்டிலும் 1976இல், நெருக்கடி நிலையின்போது, குறிப்பாக வட மாநிலங்களில் ஆண்களை வற்புறுத்திக் குடும்பக் கட்டுப்பாடு செய்தார்கள். ஊசி என்றதும் "பிள்ளை பிறக்காது" என்ற வதந்தி இன்றும் எடுபடுவதில் அந்த நினைவுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அன்று அரசு செய்த கட்டாயத்துக்கு இன்று நர்சம்மாக்கள் வீடு வீடாக ஏறி விலை கொடுக்கிறார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் தேதி, கொரோனா ஊசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் என்ற மருத்துவர் தொடுத்த வழக்கில் சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது. யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும். பிறருக்கு ஆபத்து என்றால் அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அது ஆபத்தின் அளவைத் தாண்டக் கூடாது. அன்றைய நிலையில் கொரோனா ஊசி போடாதவர்கள் மீது மாநிலங்கள் விதித்த தடைகள் அந்த அளவைத் தாண்டியவை என்றும் சொன்னது. இன்னொன்றும் சொன்னது, பலர் அதைக் கவனிக்கவில்லை: ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகள் பற்றிய அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். மறுக்கும் உரிமையைவிட இந்தக் கேட்கும் உரிமையைத்தான் நாம் அதிகம் பயன்படுத்த வேண்டும். நான் மறுத்தேனே தவிர, நர்சம்மா வரும்வரை யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

அவர் எங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம் இருந்தார். பட்டியலில் இன்னும் எத்தனையோ வீடுகள் பாக்கி.

மறுநாள் காலை மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்து அனுப்பினார்கள். "ஓட்டு மை மாதிரியே இருக்குப்பா" என்றான். வீடு வந்ததும் அதைக் காட்ட மாடிக்கு ஓடினான்.