அம்மாவுக்கு எந்தப் பாட்டு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. ஊரில் அப்பா, அண்ணன் குடும்பம் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டென்றால் உயிர், ஆனால் கேட்டதெல்லாம் வெறும் சினிமாப் பாட்டுதான். நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களையே வைத்திருக்கும் மண்ணில் பிறந்தவருக்கு நல்ல இசை போய்ச் சேரவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. போன பொங்கலுக்கு ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். வாயால் சொன்னால் போதும், எந்தப் பாட்டையும் பாடும். அம்மா அதனிடம் பேசவே மாட்டேன் என்கிறார். துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். பீடி சுற்றுவதை நிறுத்தச் சொல்லியும் கேட்பதில்லை. அவருடைய ரசனையை வளர்க்க முதலில் கேட்க வேண்டிய இருபது கீர்த்தனைகளைச் சொல்ல முடியுமா? இந்த வயதில் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொள்ளலாமா? நம் பக்கம் பெண்கள் யாரும் இசையில் பெரிதாக வந்ததில்லையே, ஏன்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

‘துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்’ என்ற இடத்துக்கு வந்ததும் நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நாளாக இதைச் சுற்றித்தான் ஏதோ எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அதனால்தான் உடனே பதில்.

முதலில் சில்லறைகளை முடித்துவிடலாம். இசைத்தூண்களை விடுங்கள். அருமையான வேலைப்பாடு, சந்தேகமில்லை, ஆனால் உங்கள் அம்மா அதைத் தட்டித் தட்டிப் பாட்டுப் படித்தவர் இல்லை. ஊர்ப் பெருமைதான் வேண்டுமென்றால் எட்டயபுரத்தைச் சொல்லுங்கள்: முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்ணை மூடியது அங்கே, கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு தொகுத்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சேறியதும் அங்கே. அதிலும் உங்கள் அம்மாவுக்குப் பங்கு ஒன்றும் கிடையாது. பாட்டு வாத்தியார் விஷயம்: அம்மா கேட்டால் ஏற்பாடு செய்யுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள்.

பெண்கள் வந்ததில்லை என்கிறீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுக் கேட்டதே இல்லையா நீங்கள்? குமரிப் பக்கம் பூங்கனி என்று ஒரு அம்மையார் இருந்தார், 2018-ல் இறந்தார். வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கையில் பிடித்துச் சாமி கதைகளைப் பாடியவர். அதற்கெல்லாம் முன்னால் கோயில்களில் பாடியும் ஆடியும் வாழ்ந்த பெண்கள் இருந்தார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டுவதைத் தடுத்து 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது, வரவேண்டிய சட்டம்தான். ஆனால் பாடுகிற பெண் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்க்கிற பார்வை மட்டும் சட்டத்தோடு போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டது. குடும்பப் பெண்ணுக்குத் தாலாட்டு, ஒப்பாரி, முளைப்பாரிக் கும்மி, இவ்வளவு போதும் என்று வைத்துக்கொண்டார்கள். தாலாட்டுக்குப் பிள்ளை வேண்டும், ஒப்பாரிக்குச் சாவு விழ வேண்டும், கும்மிக்குக் கொடை வர வேண்டும். இது ஒன்றும் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பாட்டுக் கேட்டால் தேவலை என்று தோன்றுகிறதே, அதற்கு அவள் எங்கே போவாள்?

சரி, உங்கள் ‘வெறும் சினிமாப் பாட்டு’க்கு வருகிறேன். இந்த ‘வெறும்’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் ரசனையை வளர்க்க உங்களுக்கு முன்பே ஒருவர் பாடுபட்டிருக்கிறார். பி.வி. கேஸ்கர் என்று பெயர். 1952-ல் வானொலித் துறைக்கு அமைச்சராக வந்தார், சினிமாப் பாட்டை ஒதுக்கிவிட்டு சாஸ்திரிய சங்கீதத்தைக் கூட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-ல் விவிதபாரதி என்று தனியாக ஒன்றைத் தொடங்கி அதே சினிமாப் பாட்டைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. நம் பக்கத்தில் அதற்குப் பிறகும் முள் பாதி நேரம் அந்தக் கரையில்தான் நின்றது. நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று அறிவிப்பாளர் சொல்கிற மாதிரியே சொல்லிப் பார்க்காத பையன்கள் எங்கள் வயதில் கிடையாது. டெல்லியில் உட்கார்ந்து ஒரு மத்திய மந்திரியால் முடியாததை ஓசூரிலிருந்து நீங்கள் செய்யப் பார்க்கிறீர்கள்.

அந்த வெறும் சினிமாப் பாட்டில் என்ன இருந்தது என்றாவது யோசித்தீர்களா? 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு மல்லுக்கு நிற்கிற அந்த நாகஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலத்துடையது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரர், நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷன். ‘சிங்கார வேலனே தேவா’ ஆபேரி ராகம். ராகத்தின் பெயர் தெரியாமலே ஆபேரியை நெஞ்சுக்குள் வைத்திருக்கிற பெண்கள் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ பேர். வேறு ஏதாவது ஒரு ஆபேரியை உங்கள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள், ‘இது அந்தச் சிங்கார வேலன் கணக்கா இருக்கே’ என்று சொல்கிறாரா இல்லையா பாருங்கள். கீர்த்தனைதான் நல்ல இசை என்று உங்களுக்கு யார் சொன்னது? சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் கட்டிய காவடிச்சிந்து இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம்தான் சென்னிகுளம், உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

எங்கள் பெரியம்மை முக்கூடல் பக்கம் வாக்கப்பட்டவள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். தெரு முழுக்கத் திண்ணைக்குத் திண்ணை பீடிதான். பெரியம்மை மடியில் சுளகு, அதாவது முறம், அதில் ஈரத்தோடு அளவாக வெட்டிய இலை, ஓரத்தில் தூள். இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போடுவாள். கண் தெருவில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் டிரான்சிஸ்டர். பேட்டரி இறங்கிவிட்டால் வெயிலில் காயப்போடுவோம், இன்னும் கொஞ்ச நேரம் முனகும். 25 பீடி ஒரு கட்டு. பெரியம்மைக்குக் கணக்குத் தப்பாது, நாகஸ்வரம் வந்தால் மட்டும் தப்பும், கட்டில் 26, 27 என்று விழுந்திருக்கும். ஒன்று குறைந்தால் கட்டையே தூக்கி எறிகிற பீடிக்கடைக்காரர், கூடினால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போடுவது ஊருக்கே ஒரு பித்து. பெரியம்மை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுதுவாள். ஆனாலும் என்னைத்தான் எழுதச் சொல்வாள், அதுவும் என் பெயரைப் போட்டு. “எம் பேரு ரேடியோவுல வந்தா ஒங்க பெரியப்பா என்னய வீட்டுக்குள்ள விடுவாவளா?” என்பாள். ஒருநாள் என் பெயரைச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். நான் தெருவெல்லாம் ஓடினேன். ‘சின்னப்பயலுக்கு எம்புட்டு ஞானம் பாரேன்’ என்று எதிர்வீட்டு ஆச்சி கன்னத்தைக் கிள்ளினாள். பெரியம்மை தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு அவள் கேட்டது, அட்டை அவள் பீடிக் காசில் வாங்கியது, பேர் எனக்கு.

பெரியப்பா ஒன்றும் கொடுமைக்காரர் கிடையாது. ரேடியோவை வாங்கி வந்ததே அவர்தான், செய்தி கேட்க. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தால் அவருக்குக் கவலையில்லை, தாளம்கூடப் போடுவார். பெரியம்மை எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினால் மட்டும் “ஏட்டி, அமத்து அத” என்பார். கவனியுங்கள் தம்பி, பாட்டு ஓடுவதில் குற்றமில்லை. அவள் எழுந்து போனதுதான் குற்றம்.

இதை நான் விடப்போவதில்லை, நீங்கள் அலுத்துக்கொண்டாலும் சரி. நம் ஊர்களில் பெண்கள் பாட்டுக் கேட்டது முழுக்கத் தானாக வந்து காதில் விழுந்ததுதான். மார்கழியில் கோயில் மைக்செட், கல்யாண வீட்டுக் குழாய், டீக்கடை, டவுன் பஸ், பக்கத்து வீட்டு ரேடியோ. எதையும் அவர்கள் போடச் சொல்லவில்லை. போடச் சொல்லாததால்தான் அது அனுமதிக்கப்பட்டது. ‘நான் எங்க கேட்டேன், அது பாட்டுக்குப் பாடுது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிக் காதில் விழுந்ததை வைத்தே ஒரு ரசனையை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை, நீங்களும் நானும் காசு கொடுத்து சபாவில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறோம்.

இப்போது நீங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டியைப் பாருங்கள். அது தானாக ஒன்றும் பாடாது. வாயைத் திற, சத்தமாகச் சொல், கணவர் காதிலும் மருமகள் காதிலும் விழும்படி எனக்கு இந்தப் பாட்டு வேண்டும் என்று சொல், அப்போதுதான் பாடுவேன் என்கிறது. அதுவும் வீட்டின் நட்டநடுவில். உங்கள் அம்மா இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் தனக்குப் பிடித்த குழம்பு எது என்று சொல்லியிருப்பாரா? போகட்டும், உங்களுக்காவது அது தெரியுமா? தெரியாதென்றுதான் நினைக்கிறேன். துணி போட்டு மூடாமல் வேறென்ன செய்வார்!

பீடியை நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தத்தான் வேண்டும், தூள் நெஞ்சுக்கு ஆகாது, குனிந்தே இருந்து கழுத்தும் இடுப்பும் போய்விடும். ஆனால் சுளகு மடியில் இருக்கிற வரைக்கும்தான் அவர் திண்ணையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியும், ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சுளகை எடுத்துவிட்டால் அதே இடத்தில் அதே பெண் ‘சும்மா உக்காந்திருக்கா’. உடனே ஒரு வேலை தேடி வரும். புளியில் கொட்டை எடுக்க வேண்டும், பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும், ரேஷன் கடைக்குப் போக வேண்டும். அவர் ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறார் என்பதற்குக் காசு ஒரு காரணம், இது இன்னொன்றாக இருக்கலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அம்மாவும் சொல்ல மாட்டார்.

கீர்த்தனைப் பட்டியல் இப்போதைக்கு வேண்டாம். நேரத்தைக் குறித்து வைத்தால் அந்தப் பெட்டி தானாகப் பாடுமாம், என் மகள் சொல்கிறாள். அடுத்த முறை போகும்போது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று வைத்துவிட்டு வாருங்கள். என்ன பாட்டு என்று அம்மாவிடமே கேளுங்கள். ‘ஏதாச்சும் போடு’ என்றுதான் சொல்வார், விடாதீர்கள், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பக் கேளுங்கள். அவர் சொல்கிற பாட்டுகளை எனக்கும் எழுதி அனுப்புங்கள், அதிலிருந்து எந்தக் கீர்த்தனைக்குப் போகலாம் என்று அப்புறம் பார்க்கலாம்.

அப்படியே அவருடைய பி.எஃப். கணக்கில் இருக்கிற பெயரும் ஆதாரில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பீடிக்காரப் பெண்கள் பலருக்கு ஒரு எழுத்து மாறினதில் பணம் அப்படியே நின்றுபோயிருக்கிறது.