வயிற்றுப் பிள்ளையும் புகையிலையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மருந்து எழுதித்தரும் டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மேலூரிலிருந்து ஒருவர்: மேடம், என் மனைவிக்கு நான்காம் மாதம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. "பீடியா குடிக்கிறா? புகையே இல்லையே, அஞ்சு பெத்தவ நான், எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார் அம்மா. சரியா?

சரியில்லை தம்பி. புகையில் கெடுதல் முக்கியமாக இரண்டு வழியாக வருகிறது. ஒன்று கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜனைக் குறைத்துவிடும். மென்றால் இது வராது, உண்மைதான். இன்னொன்று புகையிலையிலேயே இருக்கும் நிகோட்டின். அது மென்றாலும் ரத்தத்தில் ஏறி, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போய்விடும்.

மேலூர்க்காரருக்கு நாற்றங்கால் தெரியாமல் இருக்காது. கருவின் மூளையிலும் நரம்புசெல்கள் ஓரிடத்தில் பிறந்து பெருகி, அப்புறம் தங்கள் இடத்துக்கு நகர்ந்து, அங்கே வேர்விட்டு இணைப்புகள் போடுகின்றன. பெருகியது போதும், இனி முதிர்ச்சியடை என்று சொல்லும் சமிக்ஞைகளில் அசிடைல்கோலின் ஒன்று. செல்லில் அது வந்து உட்காரும் இருக்கைகளான ஏற்பிகளில் ஒரு வகையில் நிகோட்டினும் அச்சு அசலாக உட்கார்ந்துகொள்ளும். விளைவு, பருவம் வருமுன்னே நாற்றைப் பிடுங்கி நட்ட கதைதான்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்லாட்கின் குழுவினர், கருவுற்ற எலிகளுக்குப் புகை எதுவும் கொடுக்காமல், தோலுக்கடியில் சின்ன பம்பு வைத்து நிகோட்டினை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். குட்டியின் எடை குறையாத அளவிலேயே மூளைச் செல்களில் பாதிப்பு தெரிந்தது. எலி மனிதனல்ல, இருந்தாலும் "புகைதானே கெடுதல்" என்ற நம்பிக்கை அதோடு அடிபட்டுப் போனது.

அம்மாவின் ஐந்து பிள்ளைகள் பற்றி: தப்பித்தவர்கள் உண்டு. அதை வைத்து அடுத்த பிள்ளையைப் பணயம் வைக்க முடியாது.

வாடிப்பட்டி: ஸ்கேனில் எடை சரியாக இருக்கிறது என்றார்கள். அப்போது பயமில்லைதானே?

எடை குறையவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் நரம்புசெல்களின் இணைப்பு ஸ்கேனில் தெரியாது. மேலே சொன்ன எலிக்குட்டிகளின் எடையும் குறையவில்லை.

திருமங்கலம்: என் மகன் ஓரிடத்தில் உட்காரவே மாட்டான். அவனைச் சுமந்தபோது நான் புகையிலை போட்டேன். என்னால்தானா?

அம்மா, இரவெல்லாம் இதை நினைத்து அழாதீர்கள். சிகரெட் பிடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்தத் துறுதுறுப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்தது. ஆனால் ஒரு பிள்ளையைச் சுமக்கும்போது புகைத்து இன்னொன்றுக்குப் புகைக்காத தாய்மாரின் இரண்டு பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு நன்றாகவே தளர்ந்துவிட்டது. பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அதுதான் இப்போது வேலை.

செல்லூர்: கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுகிறோம். அதுவும் கெடுதலா?

அதில் நிகோட்டின் இல்லை. ஆனால் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், மூச்சுக்குழலும் எரியும். என் பாட்டி கேட்டால் சண்டைக்கு வருவார், ஆனாலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஈரத்தலையைத் துண்டால் துவட்டினால் போதும்.

உசிலம்பட்டி: பிள்ளை பிறந்தும் புகையிலையை விட முடியவில்லை. தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். நிகோட்டின் பாலிலும் வரும், ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாகவே. என்றாலும் தாய்ப்பாலின் நன்மை பெரிது. முதலில் பால் கொடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள். அடுத்த பால் வரை இடைவெளி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. விடுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். கணவரும் பீடிக்காரர் என்றால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.