ஒரு துவையலுக்கு எவ்வளவு ஆகிறது? – கேள்வி பதில்

சோப்புத்தூள் கலவைப் பிரிவிலும் பிறகு தரப் பரிசோதனையிலும் 18 வருடம் இருந்தவன். கேளுங்கள். எந்த கம்பெனி பவுடர் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

புதுக்குடித்தனம்: சார், பவுடர், லிக்விட், பாட்ஸ் (மெஷினில் அப்படியே போடும் சின்ன சோப்புப் பொட்டலம்), சோப்புக்கட்டி நாலில் எது மலிவு? கிலோ விலை பார்த்தால் பவுடர்தான் என்று தோன்றுகிறது.

கிலோ விலையை மறந்துவிட்டு ஒரு துவையலுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு பாக்கெட் ஒரு கிலோ, விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 80 கிராம் போடச் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டரைத் துவையல் வரும், துவையலுக்கு 8. பக்கத்து பாக்கெட்டும் ஒரு கிலோதான், விலை 180. அதில் 40 கிராம் போதும் என்கிறான். 25 துவையல், துவையலுக்கு 7.20. விலை ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் அதுதான் மலிவு.

காரணம் உள்ளே இருக்கிறது. மலிவுப் பவுடரில் கணிசமான பங்கு சோடியம் சல்பேட். தூளை உதிரியாக வைத்திருக்கும், பாக்கெட்டை நிறைக்கும், அழுக்கைத் தொடாது. அழுக்கெடுக்கும் சரக்கு குறைவு என்பதால்தான் அள்ளி அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. லிக்விடில் பாட்டிலை நிறைக்கும் வேலையைத் தண்ணீர் செய்கிறது.

பொதுவாக மெஷினுக்குப் பவுடர் மலிவு, அடுத்து லிக்விட், உச்சத்தில் பாட்ஸ். கட்டி கைத்துவையலுக்கு மலிவுதான், ஈரத்தில் ஊறவிடாத வரைக்கும். தண்ணீர் தேங்கிய டப்பாவில் ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் அடிப்பக்கம் கூழாகியிருக்கும். அந்தக் கூழும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சமையலறைத் தராசில் ஒரு தடவையாவது எடை போடுங்கள். ஒரே கரண்டியில் இரண்டு பவுடர் ஒரே எடை நிற்காது.

வெள்ளைச்சட்டை: அண்ணே, எடையெல்லாம் இருக்கட்டும். நுரை வராத பவுடர் காசுக்குத் தண்டம். என் மெஷின் பவுடர் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, இரண்டு கரண்டி சேர்த்துப் போடுகிறேன்.

தம்பி, அது நுரைக்காமல் இருக்க நாங்கள் தனியாக மருந்து சேர்க்கிறோம். முன்பக்கம் திறக்கும் மெஷினில் துணி மேலே போய் விழுந்து அடிபட்டுத்தான் அழுக்கு போகும். நுரை நிறைந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி. சில மெஷின்கள் நுரையைக் கண்டுபிடித்து இன்னொரு அலசலும் ஓட்டும், தண்ணீரும் கரண்டும் கூடவே போகும்.

மூன்று வாண்டுகளின் அம்மா: பாட்ஸ் வசதியாக இருக்கிறதே சார்?

வசதிக்குத்தான் அந்த விலை. அரை மெஷின் துணிக்கு அரை பாட் போட முடியாது. ஈரக்கையோடு டப்பாவைத் திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மூன்று வாண்டுகள் என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன், பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும்.

வெள்ளைச்சட்டை: எங்கம்மா வாளியில் நுரை பொங்கப் பொங்கத்தான் துவைப்பார். துணி பளிச்சென்று இருக்குமே?

கைத்துவையலில் அம்மா சொல்வதில் பாதி உண்மை. வாளியில் நுரை அடங்கினால் போட்ட தூள் அழுக்கோடு தீர்ந்தது என்று ஓரளவு தெரியும். அதை மெஷினுக்குக் கொண்டு வராதீர்கள். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். துவைத்துக் காயவைத்த துண்டை ஒரு வாளி வெந்நீரில் போட்டு, பவுடர் எதுவும் போடாமல், கையால் கலக்குங்கள். நுரை வந்தால் அது போன மாதம் நீங்கள் அள்ளிக் கொட்டிய காசு.

உப்புத்தண்ணீர்: எங்கள் தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் துணி விறைப்பாகவே இருக்கிறது.

தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சரக்கின் ஒரு பங்கைத் தின்றுவிடும். உங்களுக்கு அளவு கூடத்தான் வேண்டும், பாக்கெட்டில் கடின நீருக்கு என்று தனி வரி இருக்கும். ஆனால் முழுக்கத் தூளாகவே கூட்டாமல் கொஞ்சம் வாஷிங் சோடா சேருங்கள், அது மலிவு. ஆப்பசோடா வேறு, அதற்கு இந்த பலம் கிடையாது. பட்டு, கம்பளிக்கு வாஷிங் சோடா ஆகாது.

சிக்கனம்: பவுடர் மலிவா லிக்விட் மலிவா?

முதல் பதில்.

கறைநல்லது: வெள்ளைத் துணிக்கு லிக்விட் போதுமா?

பவுடர். நல்ல பவுடரில் பெர்கார்பனேட் இருக்கும், தண்ணீர் பட்டதும் ஆக்ஸிஜன் விட்டு வெளுக்கும். பாட்டில் லிக்விடில் அதைக் கலந்து வைத்தால் கடையிலேயே செத்துவிடும். காலரில் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் லிக்விடை நேராகத் தடவி ஊறவிடுங்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். லிக்விட் மூடியை மட்டும் நிரப்பாதீர்கள், உள்ளே அளவுக்கோடு பாதி உயரத்துக்கும் கீழே இருக்கும்.

வீட்டுத்தயாரிப்பு: சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து நானே லிக்விட் செய்கிறேன். பத்தில் ஒரு பங்கு செலவு.

அழுக்கெடுப்பதும் அந்தக் கணக்கில்தான். குளியல் சோப்பு வகை என்றால் கடின நீரில் வெள்ளைப் பிசுக்காகத் துணியிலேயே படியும். ஆறு மாதத்தில் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. துண்டின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

அவசரம்: பிளீச்சோடு வினிகர் சேர்த்தால் செலவு குறையுமா?

சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

மிச்சப்படுத்தி: வெந்நீரில் துவைத்தால் பவுடர் குறையும்தானே?

குறையலாம். ஆனால் 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட் கரண்ட் ஆகும், அதையும் கூட்டிப் பாருங்கள். கறையைச் சிதைக்கும் என்சைம் உள்ள பவுடரைக் கொதிநீரில் போட்டால் என்சைம் வீண். வெதுவெதுப்பு போதும்.

கணக்குப்பிள்ளை: லிக்விட் ஒரு லிட்டர், பவுடர் ஒரு கிலோ, எது...

முதல் பதில். தராசு.

வெள்ளைச்சட்டை: அண்ணே, துண்டைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாளியிலும் நுரை வருகிறது.

எத்தனை கரண்டி போடுவீர்கள் என்றீர்கள்?

வெள்ளைச்சட்டை: நாலு.

இன்னும் இரண்டு வாளி பிடியுங்கள்.